ஒரு சொட்டு எச்சில்

மிளகளவு பஞ்சு சுற்றிய ஒரு குச்சி. அதைக் குறைமாதக் குழந்தையின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் வைத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி நிற்பேன். தொண்ணூறுகளில் பினாங்கின் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு மருத்துவராக இருந்தேன். அவதிப்படும்போது உடலில் ஏறும் ஒரு ஹார்மோனை வைத்து, அந்தப் பிஞ்சுகள் எவ்வளவு துன்பப்படுகின்றன என்று அளந்துகொண்டிருந்தோம். இரத்தம் எடுத்தால் ஊசி குத்தியதற்கே அது ஏறிவிடும். எச்சிலில் பார்த்தால் வலியில்லை. சிக்கல் என்னவென்றால், அத்தனை சிறிய வாயில் எச்சில் ஊறுவதே அபூர்வம்.

ஒரு சொட்டு கிடைத்துவிட்டால் வார்டே திருவிழாவாகிவிடும். எங்கள் தலைமைத் தாதி கேலிக்காரர். "ஆயர் ஈத்தாம் பாசார்ல ஊறப்போட்ட புளிப்பு ஜாதிக்காய் வாங்கிட்டு வரேன் டாக்டர். இதுங்க முன்னாடி நின்னு சாப்பிட்டா தானா ஊறும்லா" என்பார். சொன்ன மாத்திரத்தில் எங்கள் எல்லோர் வாயிலும் ஊறிவிடும். குழந்தை மட்டும் வறண்ட உதட்டோடு தூங்கும்.

அவ்வளவு மகிழ்ச்சியாக நடந்த வேலையில்தான் அந்தப் பிழையைச் செய்தேன். மாதிரி எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் யாரும் குழந்தையைத் தொடக்கூடாது என்று விதி வைத்தேன். விதி சரிதான். ஆனால் மாதிரி எடுப்பதை என் வசதிக்காக மாலையில் வைத்துக்கொண்டேன். சுங்கை பாக்காப்பிலிருந்து பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் தீவுக்கு ஃபெர்ரி ஏறி ஒரு தாய் வந்து சேரும் நேரமும் அதுதான். கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். நான் முடிப்பதற்குள் அவருடைய கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். மகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்; ஒருநாளும் மார்போடு அணைத்ததில்லை. வாரக்கணக்கில் இப்படி நடந்தது. என் கண்ணில் படாமல் இல்லை. எண்கள் சீராக வந்துகொண்டிருந்தன. மாற்ற மனம் வரவில்லை.

ஒரு மாலை அவர் எழுந்து என்னிடம் வந்தார். "டாக்டர், பாப்பா எவ்ளோ கஷ்டப்படுதுன்னு எச்சிலைப் பார்த்தே சொல்லிடுவீங்களாமே. நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்க. என்னோடதையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்களேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டினார். தலைமைத் தாதி உடனே ஒரு பஞ்சுக் குச்சியை என்னிடம் நீட்டி, "எடுங்க டாக்டர். இவங்களுக்கு ஜாதிக்காய்கூட வேணாம்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் முகம் சுட்டது.

அன்றைய மாதிரியை விட்டுவிட்டு, குழந்தையைக் குழாய்களோடு தூக்கி அவர் மார்பில் கிடத்தினோம். மறுநாள் முதல் நேரத்தைக் காலைக்கு மாற்றினேன். அதனால் நான் இழந்தது கொஞ்சம் தூக்கம், அவ்வளவுதான். இன்று குழந்தைகள் வார்டுகளில் தாய்மாரைத் தாதிகளே கூப்பிட்டு, குழந்தையை மார்பில் கிடத்தி உட்காரவைப்பதைப் பார்க்கிறேன். அந்தத் தாய் இழந்த வாரங்களைத்தான் என்னால் திருப்பித் தர முடியவில்லை.

ஆனாலும் அந்த மாலையை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. சற்று நேரத்தில் குழந்தை வாயைப் பிளந்து உறங்கிவிட்டது. கடைவாயிலிருந்து எச்சில் வழிந்து, தாயின் சட்டையில் காசு அகலத்துக்கு ஈரம் படர்ந்தது. தாதி குச்சியோடு குனிந்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"பாருங்க டாக்டர்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் அந்தத் தாய். "இத்தனை நாளா உங்களுக்குக் குடுக்காம வச்சிருந்து, எனக்குக் குடுத்துட்டா."

அந்த ஈரத்தைத் துடைக்காமலே ஃபெர்ரிக்குக் கிளம்பினார்.