பூத்த மரத்தடியில் ஒரு படம்

வசந்தம் பிறந்துவிட்டால் அடுக்குமாடிகளில் அடைந்து கிடந்த நகரமே ஏரிக்கரைப் பூங்காவுக்கு வந்துவிடும். அங்கே கூட்டிப் பெருக்குகிறவளுக்கு 'போட்டோக்காரம்மா' என்றே பேர். துடைப்பத்தை ஒரு நிமிஷம் வாங்கிப் பிடிக்க ஆளில்லை. போனை நீட்ட மட்டும் ஆயிரம் கை. முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்குவாள். ஆனாலும், சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டியைக்கூட "இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்று சேர்த்து நிறுத்தாமல் படம் எடுக்கமாட்டாள்.

வருஷா வருஷம் பூத்த மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கண்ணாடி போட்ட பெரியவரும் அவர் மனைவியும் அவளுக்குப் பழக்கம். இந்த முறை அவர் தனியாக வந்தார்.

"அம்மா வரலையா சார்?"

"குளிர்காலத்துலயே போய்ச் சேந்துட்டாம்மா. அதே எடத்துல ஒண்ணு எடுத்துக் குடுங்க."

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். போனை வாங்கி உயர்த்திப் பிடித்தாள். பழக்க தோஷம், வாய் முந்திக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மனைவி வழக்கமாக நிற்கும் பக்கமாக மெல்ல ஓரடி நகர்ந்து நின்றார்.