பாகம் பிரித்த துப்பாக்கி

திருச்சுழி பஸ் நிறுத்தம். சாராயம் தேடி ஏட்டு ஒருவர் எங்கள் பைகளைக் கிளறுகிறார். என் பையில் ஒரு வேட்டியும் புளிச்சோறும்தான். ஆனாலும் யாராவது எதையாவது உள்ளே போட்டிருப்பார்களோ என்று எனக்குப் பயம்.

பக்கத்தில் நிற்கும் காட்டுவேலைச் சம்சாரியின் மஞ்சப்பையிலிருந்து, விசை வைத்த இரும்புத் துண்டு ஒன்று வெளியே வருகிறது.

“துப்பாக்கி எங்கய்யா?”

“முழுசா இல்லய்யா. காட்டுப்பன்னி வெரட்ட எங்கப்பாரு லைசென்சு வாங்கி வச்சிருந்தாக. அவுக போனதும் பாகம் பிரிச்சிட்டோம். அண்ணனுக்குக் கட்டை, எனக்கு விசை, தம்பிக்குக் குழாயி. துரு எடுக்க ஆசாரிகிட்ட கொண்டு போறேன்.”

“லைசென்சு அவரோடயே போச்சு. சட்டத்துல இந்த விசையும் துப்பாக்கிதான், குழாயும் துப்பாக்கிதான். கட்டை வெறும் மரம், உங்கண்ணன் மட்டும் தப்பிச்சான்.”

பிரித்துவிட்டால் துப்பாக்கி இல்லை என்று மூன்று பேரும் நம்பியிருக்கிறார்கள். அஞ்சாவதோடு நின்ற நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

“கடலை பிடுங்கணுமே அய்யா.”

“ஜெயிலுக்குப் போயிட்டு வந்து பிடுங்கு. தம்பி எந்த ஊருல இருக்கான்?”

ஏட்டு பீடி பற்ற வைக்கத் திரும்பும்போது, சம்சாரியிடம், “சொல்லிராதீங்கண்ணே, உங்க தம்பியாச்சும் தப்பிக்கட்டும்” என்கிறேன். ஏட்டு காதில் விழுந்திருக்குமோ என்று உடனே திரும்பிப் பார்க்கிறேன்.

சம்சாரி என்னை வெறுப்போடு பார்க்கிறார்.

“குழாய எனக்குத்தான் கேட்டேன். தம்பி தரமாட்டேன்னுட்டான்.”

பஸ் வருகிறது. ஏட்டுக்கு முன்னால் அவரே ஏறிக் கண்டக்டரிடம் சொல்கிறார்:

“பரளச்சிக்கு ரெண்டு. தம்பி வீட்டுக்குப் போறோம்.”