பதினைந்து பவுண்டு மூடி

ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி பொய் சொன்னார். இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை எழுதும்போது என் மேசைமேல் ஒரு ரேடியேட்டர் மூடி கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். துருவேறிப்போனாலும் 15 என்ற எண் இன்னும் தெளிவாக இருக்கிறது. என் கல்யாணத்தன்று என் தாய்மாமாவின் காரிலிருந்து கழற்றிய மூடி இது.

மாமா மணப்பாட்டில் கல்யாணக் கார் ஓட்டினார். வெள்ளைக்காரன் காலத்து வண்டி, முட்டை மாதிரி உருண்டையாக இருக்கும். மாதா கோவிலில் தாலி கட்டியதும் பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் ஏறுவார்கள். பேண்டு செட்டுக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர் சுற்ற வேண்டும். நடுவழியில் வண்டி நின்றால் பெண் வீட்டுக்கு இழுக்கு. உச்சி வெயிலில், மணல் தெருவில், முதல் கியரில் ஊர்ந்தால் எந்த எஞ்சின் தாங்கும்? என் கல்யாணத்துக்கு முன்னால் மாமா ஓட்டிய கல்யாணத்தில் தண்ணீர் கொதித்து மூடியோரம் ஆவி பீறிட, பெண்ணின் தாயார் மாமாவைத் தெருவில் வைத்தே திட்டித் தீர்த்துவிட்டார். அதனால்தான் என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மாமா வண்டியைத் தூத்துக்குடியில் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். சேலை எடுப்பதற்காக நானும் கூடப் போயிருந்தேன்.

“அண்ணாச்சி, இது எம் மருமவ கல்யாணம். அன்னைக்கு மட்டும் பொங்கிரப்பிடாது” என்றார் மாமா.

“கவலப்படாதியும் வே. பொங்காம நான் பாத்துக்கிடுதேன். இல்லன்னா வண்டிய எங்கிட்டயே வித்துட்டுப் போயிரும்” என்று அண்ணாச்சி சிரித்தார். வண்டியை அவர் கேட்பது அது முதல் முறையல்ல. எப்போது போனாலும் கேட்பார்.

கல்யாணத்தன்று வண்டி பொங்கவில்லை. மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து, “பாத்தியாளா, ஒரு பொட்டு ஆவி வரல” என்று பூரித்துப்போனார். அடுத்த முனையில் முன்பக்கம் ஏதோ சீறியது. மாமா இறங்கி பானெட்டைத் தூக்கிக் குனிந்த நேரத்தில், ரேடியேட்டரின் மேல்தொட்டி ஈயப் பற்று வைத்த ஓரத்தில் பிளந்தது. கொதிநீர் அவருடைய வலது கை முழுக்கப் பாய்ந்தது. ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன், என் வெள்ளைச் சேலையெல்லாம் துருத் தண்ணீர். பேண்டு செட்காரர்கள் எதுவும் தெரியாமல் வாசித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

வண்டி ஆறிய பிறகு என் கணவர்தான் மூடியைக் கழற்றினார். அவர் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். துணி சுற்றி, பலம் கொண்ட மட்டும் திருக வேண்டியிருந்தது. “இது இந்த வண்டி மூடியே இல்ல. இதுக்கு ஏழு பவுண்டு போதும். இது பதினஞ்சு” என்றார். ஏழு பவுண்டு மூடியென்றால் உள்ளே அழுத்தம் அந்த அளவைத் தாண்டியதும் திறந்து ஆவியை வெளியே விட்டுவிடும். பதினைந்து என்றால் அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் அடைத்து வைக்கும். தண்ணீர் தாமதமாகத்தான் கொதிக்கும், ஆனால் பழைய ரேடியேட்டர் அதைத் தாங்காது.

மறுநாள் காலை அண்ணாச்சி கல்யாண வீட்டுக்கு வந்தார். மாமாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. முதலில் கேட்டது, “மூடி எங்க?”. அது என் கணவரின் சட்டைப் பையில் இருந்தது. நாங்கள் பதில் சொல்வதற்குள் அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டார். “சூட்டோட மூடியத் தொறந்திருக்காரு. தண்ணி போட்டிருந்தாரோ என்னமோ. மூடியில நான் கையே வைக்கல” என்றார்.

மாமா குடிக்காதவர் என்று சொல்லமாட்டேன். வண்டி எடுக்கும் நாளில் தொடமாட்டார், ஊருக்கே தெரியும். ஆனாலும் ஊர் அண்ணாச்சியைத்தான் நம்பியது. நான் சண்டைக்குக் கிளம்பியபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மாமா, “விடுளா. பொங்காம பண்ணுங்கன்னு நாந்தான கேட்டேன்” என்று என் வாயை அடைத்தார். அதன்பிறகு எந்தக் கல்யாண வீடும் அவரைக் கூப்பிடவில்லை. கார் பழைய இரும்பாக அண்ணாச்சியிடமே போனது.

போன ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் பழைய கார்க் கண்காட்சி. தன் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டதால் கூட்டிப்போனேன். புது பெயின்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. மேடையில் அண்ணாச்சி மைக் பிடித்து, பழைய காருக்கு எந்த மூடி போட வேண்டும் என்று வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். “ஏழுதான் போடணும். பதினஞ்சு போட்டா ரேடியேட்டர் பொளந்துரும். மணப்பாட்டுல ஒரு டிரைவரு, போதையில சூட்டோட மூடியத் தொறந்து கைய வேக வச்சாரு பாருங்க!” கூட்டம் சிரித்தது. என் பக்கத்தில் மாமா வெந்த கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

நான் எழுந்து போய், திறந்திருந்த பானெட்டுக்குள் பார்த்தேன். ரேடியேட்டரின் மேல் ஏழு பவுண்டு மூடி. அதன் தலையில் அரத்தால் கீறிய சின்னச் சிலுவை. வண்டி வாங்கிய புதிதில் மாமா தன் கையால் கீறியது, தூத்துக்குடிக்குக் கொண்டுபோன அன்றுவரை வண்டியில் இருந்த மூடி. கையே வைக்காத மூடி உங்களிடம் எப்படி வந்தது, அண்ணாச்சி?

தெரியாமல் மாற்றியிருந்தால் தெரியாமல் மாற்றினேன் என்று சொல்லுங்கள். வண்டியின் மேல் கண் வைத்துத்தான் மாற்றினீர்கள் என்று நான் நினைக்கிறேன். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். என் வீட்டுக்கு வந்து காதில் சொல்ல வேண்டாம். அதே மேடையில், அதே மைக்கில், சிரித்த அதே கூட்டத்தின் முன்னால் சொல்லுங்கள். முன்வரிசையில் மாமா இருப்பார். இந்தப் பதினைந்து பவுண்டு மூடி என் கையில் இருக்கும். இதை அந்த வண்டியில் மாட்டியது யார்?