கடையில் பிறந்த ஆராய்ச்சிகள்

இரத்தோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே, தட்டச்சும் போட்டோப் பிரதியும் செய்து கொடுக்கும் றஹீம் நானாவின் கொம்யூனிகேஷன் கடையில் ரஜிதா ஆறு வருடமாக வேலை செய்கிறாள். சுற்றுவட்டாரப் பாடசாலைகளின் மாணவர் ஆராய்ச்சிகளில் முக்கால்வாசி அவள் விரல்களில் பிறந்தவை. டெங்கு, பிளாஸ்டிக், சூரிய குடும்பம் எல்லாம் கணினியில் தயாராகக் கிடக்கும். பெயரை மாற்றி, ஓரத்தில் ஒரு ரோசாப்பூ ஒட்டிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்குத் தொழில்நுட்ப அறிவு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படி அர்த்தம் பண்ணியவர் சசிக்குமார் சேர். மலையடிவாரப் பாடசாலை ஒன்றில் கணினிப் பாடம் எடுப்பவர். நன்கொடையாக வந்த பன்னிரண்டு கணினிகளுக்கும் துணி உறை தைத்துப் போட்டு, அறையைப் பூட்டி, சாவியை மோட்டார் சைக்கிள் சாவியோடு கோர்த்து வைத்திருந்தார். பிள்ளைகள் தொட்டால் கெட்டுப்போகுமாம். கரும்பலகையில் மவுஸ் படத்தை மட்டும் வாலோடு அழகாக வரைவார். தவணைக்கு ஒருமுறை, தேடி ஆராய்ந்து, கணினி ஸ்லைடுகளாக அளிக்கை செய்யும்படி வீட்டு ஒப்படை கொடுப்பார். திரையில் எத்தனை எழுத்து பறந்து வருகிறதோ அத்தனை புள்ளி.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, கொழுந்து பறிக்கும் சுந்தரம்மா வேலைக்குப் போகாமல் சசிக்குமார் சேரிடம் தரம் ஒன்பது படிக்கும் மகள் ஹம்சிகாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவளுக்குக் கிடைத்த தலைப்பு ‘எமது குடிநீர்’. ரஜிதா வழக்கம்போல ஏதோ ஒரு வெளிநாட்டு அருவியின் படத்தைத் தேடி எடுத்தாள். அதைப் பார்த்த ஹம்சிகா, தங்கள் லயத்து வீடுகளுக்கு மலை ஊற்றிலிருந்து வரும் பீலியில் மழை பெய்தால் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும் என்றாள். அதைத்தான் குடிக்கிறீர்களா என்று ரஜிதா கேட்டதற்குத் தாயும் மகளும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.

ரஜிதாவுக்குக் கூசிப்போனது. சசிக்குமாரை நாள்தோறும் மனதுக்குள் இகழ்ந்துகொண்டே அவருடைய பொய்யைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் அவள்தானே. எழுந்து நாற்காலியைத் தள்ளினாள்.

“நீயே உக்காரு. நான் பக்கத்துல இருந்து சொல்றேன்.”

அதுவரை படத்தில் மட்டும் பார்த்த மவுஸை ஹம்சிகா முதன்முறையாகக் கையில் பிடித்தாள். அடுத்த சனிக்கிழமைக்குள் அவள் இருபத்து மூன்று வீடுகளில் விசாரித்து வந்தாள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் ஆறே வீட்டார். அம்மாவின் போனில் பீலியைப் படமெடுத்து, வீட்டுக் கணக்கை வரைபடமாகப் போட்டு, ஏழு ஸ்லைடுகளை அவளே செய்து முடித்தாள்.

சேர் அதற்கு வகுப்பிலேயே குறைந்த புள்ளி போட்டார். ஓர் எழுத்துகூடப் பறக்கவில்லையாம். வேறொரு பிள்ளைக்கு ரஜிதா பெயர் மாற்றிக் கொடுத்த பழைய டெங்குவுக்கு முதலிடம்.

அடுத்த மாதம் அவரே கடைக்கு வந்தார். ஆசிரியர் பயிற்சிப் பட்டறையில் ‘மாணவர் தாமே ஆராய்ந்து கற்றல்’ பற்றிப் பேசப் போகிறாராம்.

“பதினஞ்சு ஸ்லைட் போதும் தங்கச்சி. நல்லா பறக்குற மாதிரி போட்டுடுங்க.”

“நீங்களே உக்காருங்க சேர். நான் சொல்லித் தாறேன்.”

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். ரஜிதா சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற அவருடைய மாணவர்கள் இருவர் தரையைப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தி, இது உங்களுடைய வேலைதானே என்றார்.

“இல்ல சேர். ஒங்க வேலையத்தான் நான் இத்தன வருசமா செஞ்சேன். இனி முடியாது.”

அவர் மாத்தளைக்குப் போய் வேறு கடையில் செய்வித்தார். பட்டறையில் கைதட்டல், சான்றிதழ், மாலை எல்லாம் கிடைத்தன. திரும்பி வந்ததும், றஹீம் நானாவின் கடைக்கு யாரும் போகக்கூடாது என்று வகுப்பில் கட்டளையிட்டார். நானா இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு, சனிக்கிழமை பிற்பகலில் சும்மா கிடக்கும் இரண்டு கணினிகளைப் பிள்ளைகளுக்கு விட அவராகவே ஒப்புக்கொண்டார்.

இப்போது சேரின் தடையை மீறி ஹம்சிகாவோடு ஐந்து பேர் பஸ்ஸில் வருகிறார்கள். அவளுடைய வரைபடம் தோட்டத்தில் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. மறுபடி விசாரித்தபோது பதினான்கு வீடுகளில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். பீலிக்கு வடிகட்டி வேண்டும் என்று தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதத்தைப் பிள்ளைகள் இப்போது தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள்.