வெள்ளிக்கிழமை வெற்றிலை

நாகர்கோவிலில் வியட்நாம் சாப்பாட்டுக் கடை ஒன்று வந்திருக்கிறது. நடத்துபவர் பக்கத்துக் கடற்கரை ஊரான இனயத்துக்காரர், கப்பலில் சமையல் பார்த்தவர். ஓய்வு பெற்றவனுக்கு ஊரில் எது புதிதாக வந்தாலும் நேரில் ஆய்வு செய்யும் பொறுப்பு தானாக வந்துவிடுகிறது. மனைவியோடு போனேன். இருவருக்கும் காய்கறி போட்ட ஃபோ, அதாவது அரிசி நூடுல்ஸ் மிதக்கும் சூப்பு. குடும்ப ஆவணங்களின்படி நான் இன்றுவரை சுத்த சைவம்.

“சார், மொதல்ல வெறும் சாறக் குடிக்கணும். பெறவுதான் எலுமிச்சம் புழியணும்,” என்றார் கடைக்காரர். முறை தெரிந்த மனிதரைக் கண்டால் எனக்கு மரியாதை. கிண்ணத்தின்மேல் குனிந்தேன். ஆவியோடு அன்னாசிப்பூ மணம் ஏறியது.

மனைவியும் முகர்ந்தாள். “இந்த மணம் எனக்குத் தெரியுமே,” என்றாள்.

நான் அவசரமாக எலுமிச்சையைப் பிழிந்தேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. கல்யாணமான புதிதில் வெள்ளிக்கிழமைதோறும் எனக்குக் களியக்காவிளைப் பக்கம் கள ஆய்வு. கூட வருபவன் அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தங்கராஜ், மார்த்தாண்டத்து வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். பன்னிரண்டு மணிக்கு ஆய்வு முடியும். பன்னிரண்டேகாலுக்குச் சந்தைக்குப் பின்னால் ஓலைக்கூரைக் கடையில் மரச்சீனிக் கிழங்கும் மாட்டிறைச்சிக் குழம்பும். முட்டைக்கே இடமில்லாத வீட்டில் பிறந்த நான் முதல் நாள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தின்னு மக்கா. ஒனக்க வீட்டுல சொல்ல நானா வரப்போறேன்?”

தின்றேன். குழம்பில் அன்னாசிப்பூ தாராளம். பயணக் குறிப்பேட்டில் அந்த முக்கால் மணி நேரத்துக்கு ‘பொதுமக்களிடம் விசாரணை’ என்று எழுதுவேன். ஒருநாள் எங்கள் மேலதிகாரியே எதிர் பெஞ்சில் இருந்தார். அவரும் விசாரணைக்குத்தான் வந்திருந்தார்.

வீட்டுக்கு மணம் போகக்கூடாதல்லவா? அதற்கும் நடைமுறை வகுத்திருந்தேன். கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, பேருந்து ஏறுமுன் சட்டைப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்து மென்றுவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒரு ஆட்சேபணையும் வந்ததில்லை.

இனிப்பு வந்தது. தேங்காய்ப்பால், ஜவ்வரிசி, பயறு, மேலே ஐஸ். “பாயசத்த இப்படியா குளிர வச்சுக் கெடுப்பாவ?” என்றபடியே மனைவி தன்னுடையதை முடித்து, என்னுடையதையும் இழுத்துக்கொண்டாள். பிறகு நிமிராமல் சொன்னாள்:

“ஆறு நாளு வெத்தலையத் தொடாத மனுசன் வெள்ளிக்கெழம மட்டும் வாய் செவக்க வருவியளே. சட்டையில இந்த மணம், கூட எறச்சி வாடை. நாந்தான தொவச்சேன்?”

“அப்பவே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா நிறுத்திருப்பிய. வாரத்துல அந்த ஒரு நாளுதான் சிரிச்சிட்டு வீட்டுக்கு வருவிய.”

கடைக்காரரைக் கூப்பிட்டாள். “தம்பி, இவியளுக்கு அந்த மாட்டெறச்சி போட்டது ஒண்ணு கொண்டாங்க.”

இனிப்புக்குப் பிறகு சாறு; வரிசைமுறைக்கு விரோதம். ஆனால் மேலிடத்து உத்தரவு. களியக்காவிளையில் ஓலைக்கூரை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தங்கராஜ் போய்ச்சேர்ந்து நான்கு மழைக்காலம் ஆகிவிட்டது. முறையான அனுமதியோடு, மனைவி எதிரே உட்கார்ந்து பார்க்க, கிண்ணத்தைக் காலி செய்தேன். நன்றாகத்தான் இருந்தது.

எழுந்தபோது கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே மூக்குக்கண்ணாடிக் கூடுதான் இருந்தது.