எண்ணெய்க் காலுக்கு ஸ்டூல் கிடையாது

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். இரண்டு படி வைத்த தேக்கு ஸ்டூல் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. இதில் என்ன பெருமை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எனக்குப் பிறகு அதிலிருந்து யாரும் விழவில்லை.

கடைசியாக விழுந்தவன் நான்தான். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் எங்கள் ஊரில் ஒருவருக்கும் கால் தரையில் பாவாது. நானும் விடியற்காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்றுவிட்டு நேரே கடைக்கு வந்தேன். உள்ளங்காலில் இருந்த எண்ணெயை அருவி தொடவே இல்லை. மேல்படியில் வழுக்கிக் கீழே வந்தேன். இரண்டு மாதம் கையில் மூங்கில் கட்டு. திரும்பி வந்ததும் சட்டம் போட்டேன். எண்ணெய்க் காலோடு ஏறக்கூடாது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் பிடிக்க வேண்டும். கை எட்டவில்லை என்றால் இறங்கி ஸ்டூலை நகர்த்த வேண்டும்; சாய்ந்து எட்டக்கூடாது. "பெரிய கலெக்டரு சொல்லுதாரு" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் கேட்டார்கள்.

ஒரு ஆனி மாதம் ஆய்க்குடியிலிருந்து முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பமே வந்தது. மேல்தட்டிலிருந்து அதை முதலாளிதான் தம் கையால் இறக்கித் தருவார். கைராசிக்காரர் என்று பெயர். அன்று அவரும் அருவியிலிருந்து நேரே வந்திருந்தார். அவர் நடந்த தடமெல்லாம் தரையில் மினுங்கியது.

ஸ்டூலைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். "அண்ணாச்சி, காலைக் கழுவிட்டு ஏறுங்க."

"கடை யாருதுலே?"

"ஒங்களுதுதான். விழுந்தா ஒடையுத எலும்பும் ஒங்களுதுதான்."

"நாளையிலருந்து நீ வேலைக்கு வரவேண்டாம்" என்றார். என் சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று வயிறு இருந்தது. ஆனால் ஸ்டூலிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்.

அவர் என்னை முறைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போனார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது விரலிடுக்கில் சீயக்காய் ஒட்டியிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்துக்கோ. ஏறலாமா?"

"இன்னொரு காலையும் காட்டுங்க, அண்ணாச்சி" என்றேன்.

காட்டினார்.