இரண்டு விசிலுக்கு ஒரு மலை

இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவரிடம் ஒரு நாற்காலியைக் காட்டி, "இனி இதுதான் உங்க இடம்" என்றால் எப்படி இருக்கும்? நம் ஓட்டுநருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதயக் குழாயில் அடைப்பு எடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பணிமனை மேலாளரும் தலையாட்டிவிட்டார். ஆடாத ஒரே தலை வீட்டில் இருந்தது.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரி அவர் மனைவி, அதே பணிமனையில் நடத்துநர். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் அவர் வண்டியில்தான் டிக்கெட் கிழித்தாள். "ஓட்டிக்கிட்டு இருக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, உள்ள இருக்கிற அறுபது பேரை யாரு பாக்கிறது?" என்று கேட்பாள். அறுபது பேர் சும்மா பேச்சுக்கு. அவளுக்கு அந்த ஒருவரை நினைத்துத்தான் தூக்கம் போயிருந்தது. ஆபீசில் நேரம் குறிக்கும் நாற்காலி காலியாக இருந்தது வேறு அவளுக்கு வசதியாகப் போயிற்று.

வாரக்கணக்கில் வாதாடி, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தீவுக்குப் போவது, தீவைச் சுற்றி ஏழு கிலோமீட்டர் நடப்பது. எங்காவது அவர் முகம் மாறினால் நாற்காலி. மாறாவிட்டால் ஸ்டியரிங். "முகம் மாறுதா இல்லையான்னு நான்தான் சொல்லுவேன்" என்று அவள் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டாள். எதிராளியே நடுவராகவும் இருக்கும் ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் சரி என்றார்.

காலைப் படகில் நான்கு பேர் போய் இறங்கினார்கள். அவர், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மனைவியின் தம்பி. தம்பி எலக்ட்ரீஷியன். கையில் இரண்டு தூண்டில், வாயில் இருபது மீன். "அத்தான், மீன் என் பொறுப்பு. பொரிக்கிற எண்ணெய் மட்டும் உங்க பொறுப்பு" என்றான். இதுவரை அவன் பிடித்த மீன் எதையும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

நடக்க ஆரம்பித்ததிலிருந்து மனைவி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள். தும்மினால் "என்ன ஆச்சு?" என்றாள். குனிந்து செருப்பு வாரை இழுத்தால் "உக்காருங்க" என்றாள். இரண்டு கிலோமீட்டருக்குள் மூன்று தடவை உட்காரவைத்துவிட்டாள். வழி இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. ஒன்று கரையோரமாகச் சமதளத்தில் போயிற்று. மற்றது நேராக மலைமேல் ஏறிற்று. "நமக்குக் கரைவழிதான்" என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவர் மலைவழியையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே கொதித்தது.

அங்கேதான் தம்பி ஒரு தூண்டிலோடு பாறைகளில் தாவித் தாவிக் கடலுக்குள் போனான். மற்றொரு தூண்டிலும் இரை டப்பாவும் ஓட்டுநர் கையில். அலை பெரிதாகிக்கொண்டே வந்தது. அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள், காற்றில் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஒன்று ஊதினாள். தம்பி திரும்பவில்லை. எரிச்சலில் இரண்டு ஊதினாள்.

ஒரு விசில் என்றால் நில். இரண்டு என்றால் கிளம்பு. இருபத்தெட்டு வருடப் பழக்கம். யோசனையிலிருந்த மனிதரின் கால்கள் கிளம்பிவிட்டன. பேருந்து நேராகத்தானே போகும்? நேரே இருந்தது மலைவழி. பின்னால் ஆள் ஏறியாயிற்றா என்று பார்ப்பது நடத்துநர் வேலை, ஓட்டுநர் திரும்புவதில்லை. மனைவியும் மகளும் தம்பியை இழுத்து வரப் பாறைப் பக்கம் இறங்கியிருந்தார்கள். இவர் போனதை யாரும் கவனிக்கவில்லை.

பாதி மலை வரை அவர் மனதுக்குள் மனைவியோடு சண்டை போட்டார். மீதிப் பாதியில் வாய்விட்டே போட்டார். "நான் என்ன கண்ணாடிப் பாத்திரமா?" என்று கேட்டுக்கொண்டே உச்சியில் காலை வைத்துத் திரும்பினால், பின்னால் ஒரு பிராணி இல்லை. கீழே சுற்றிலும் கடல். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார். புதுப் பேட்டரி போட்ட கடிகாரம் மாதிரி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. வலி இல்லை, படபடப்பு இல்லை. அந்த மனிதர் அந்த வயதில் அங்கே தனியாக நின்று 'ஹோ' என்று கத்தினார். ஆறு மாதத்தில் அவ்வளவு சந்தோஷம் அவருக்கு வந்ததே இல்லை.

அலைபேசி மனைவி பையில். இரண்டு வழியும் சேரும் சிறிய குடா அந்தப் பக்கம் தெரிந்தது. அங்கே இறங்கிக் காத்திருந்தால் வந்துவிடுவார்கள் என்று இறங்கினார். சும்மா இருப்பானேன் என்று தூண்டிலைப் போட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கரைவழியில் மூவரும் ஓடிவந்தார்கள். பாறை இடுக்கு ஒவ்வொன்றிலும் தேடிவிட்டு வந்திருந்தார்கள். மனைவிக்கு முகத்தில் ரத்தம் இல்லை. ஓட்டுநரோ முழங்கை நீளக் கலவா மீன் ஒன்றைக் கரையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த வழியா வந்தீங்க?"

அவர் மலையைக் காட்டினார்.

"யாரு ஏறச் சொன்னது?"

"நீதான். ரெண்டு விசில் கொடுத்தியே."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி மீனையே பார்த்தபடி நின்றான். மனைவி அவர் மணிக்கட்டைப் பற்றி நாடி பார்த்தாள். அது நிதானமாக இருந்தது. அவளுடையதுதான் எகிறிக்கொண்டிருந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போதும்ங்க. நீங்க ஜெயிச்சாச்சு. இங்கேர்ந்து திரும்பிடலாம்" என்றாள்.

"முழுத் தீவுன்னுதானே பேச்சு? பாதியில வாங்கிக்க மாட்டேன். எழுந்திரு."

மீதி வழி முழுக்க அவர் முன்னால் நடந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் மனைவிதான் உட்கார வேண்டியிருந்தது. அவர் நின்று, கை கொடுத்து எழுப்பி, மறுபடி நடந்தார்.

படகுத்துறையில் வரிசை நீளம். அத்தனை பேர் காதிலும் விழும்படி அவள் சொன்னாள்: "நாளைக்கே போய் வண்டியை எடுங்க."

அவர் தலையாட்டினார்.

"மேனேஜர்கிட்ட இன்னொண்ணும் கேளுங்க. என்னை உங்க வண்டிக்கே மாத்திவிடச் சொல்லுங்க. பழைய மாதிரி."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்று மீனை மைத்துனனிடம் நீட்டினார்.